தட்டுக்கு அரசு மரியாதை

என் தாய்மாமா தவெங்க்வா ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வறுத்த நிலக்கடலையில் ஒரு பிடியை வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டு இறந்துபோனார். அத்தை உப்பை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பதிலைக் கேட்காமல் போய்விட்டார் என்பது அத்தைக்கு அவர்மீது இன்றுவரை உள்ள குறை.

பக்கத்து மலைக்குப் பின்னாலிருக்கும் சொந்தக்காரர்கள் இன்னும் செருப்பு மாட்டியிருக்க மாட்டார்கள்; அதற்குள் சகனெட்சாவின் வண்டி வாசலில் வந்து நின்றது. எங்கள் வட்டார முன்னாள் போராளிகளின் தலைவர் அவர். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, உடலைக் கிடத்தியிருந்த சமையல் குடிசையைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தார். பிறகு சொன்னார்:

"யாரும் குழி வெட்டக் கூடாது."

மாமாவின் அண்ணன் எனியாஸ், எங்கள் குடும்பத்துக்குப் பெரியவர், "ஏன் தோழரே?" என்றார்.

"நிலை அறிவிக்கணும். தேசிய வீரரா, மாகாண வீரரா, மாவட்ட வீரரா, மேல இருந்து சொல்வாங்க. அதுவரைக்கும் உங்க தம்பியை வெறும் பிணம்னு நினைச்சுடாதீங்க. பரிசீலனையில இருக்கார்."

குடிசைக்குள் பெண்களோடு உட்கார்ந்திருந்த அத்தை தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"எப்ப சொல்வாங்க?"

"கமிட்டி கூடணும்மா."

"எப்ப கூடும்?"

"முடிவெடுக்க ஏதாவது வந்தா கூடும்."

"இதோ வந்திருக்கே."

"இது முதல்ல வட்டாரத்துக்குப் போகணும். அப்புறம் மாவட்டம், மாகாணம், தலைநகர். வரிசையா போகும்."

"அவர் நடந்தே மொசாம்பிக் போயிட்டு வந்தார். உங்க காகிதம் எதுல போகுது?" என்று கேட்டுவிட்டு அத்தை தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மாமா உண்மையில் நடந்தேதான் போனார். பள்ளிக்கூடத்திலிருந்து பாதி வகுப்பு விடுதலைப் போரில் சேர எல்லை தாண்டியபோது அவரும் தாண்டினார். அந்தப் பக்கத்து முகாமில் அவருக்கு இரண்டு பொருள்கள் கொடுத்தார்கள். ஒன்று போர்ப்பெயர்: ஷும்பா ஹைராரி, அதாவது சிங்கம் உறங்காது. இன்னொன்று, மோர்ட்டார் பீரங்கியின் அடித்தட்டு. மோர்ட்டாருக்குக் குழல், கால், தட்டு என்று மூன்று பாகம் உண்டு; மூன்றும் சேர்ந்தால்தான் சுட முடியும். காலைச் சுமந்தவன் காய்ச்சலில் எல்லையிலேயே படுத்துவிட்டான். குழலைச் சுமந்தவர் சகனெட்சா. ஆற்றைக் கடக்கும்போது ஆளுக்கொரு பக்கம் பிரிந்து ஒரு மலையில் சந்திப்பதாக ஏற்பாடு. மாமா தட்டோடு மலைக்குப் போய்க் காத்திருந்தார். குழல் வரவில்லை. அடுத்த மலையில் காத்திருந்தார். இப்படி மலை மலையாகத் தட்டைச் சுமந்து காத்திருந்ததில் நாட்டுக்கு விடுதலை கிடைத்துவிட்டது.

ஆயுதங்களை ஒப்படைக்கும் முகாமில் எல்லாருடைய துப்பாக்கியையும் வாங்கிக்கொண்ட அதிகாரி, மாமாவின் தட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஆயுதமில்ல, இரும்பு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மற்றவர்கள் போரிலிருந்து கதைகளோடு வந்தார்கள். மாமா தட்டோடு வந்தார்.

அத்தை அந்தத் தட்டை அடுப்புக் கற்கள்மேல் வைத்து நிலக்கடலை வறுத்தார். பரவலாகச் சூடேறும், ஒன்றுகூடக் கருகாது. மாமாவின் மகன் தவோனாவும் அவன் தங்கையும் நானும் வளர்ந்தது அந்தக் கடலையில்தான். மற்றபடி மாமா சோளம் போட்டார், பென்ஷன் வந்த வாரம் மட்டும் கொஞ்சம் குடித்தார், யாரையும் அடிக்கவில்லை. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். அத்தை ஒரு தலையணையை அடியில் தள்ளிவிடுவார். சிங்கம் உறங்காது என்பதற்கு எங்கள் வீட்டில் இருந்த சான்று அது ஒன்றுதான்.

குழல் என்னவாயிற்று என்று கேட்டால் சகனெட்சா ஆற்றோடு போய்விட்டது என்பார். ஆனால் ஆண்டுதோறும் வீரர்கள் நாளன்று மேடையேறி, தன் மோர்ட்டார் குண்டுகள் எதிரி முகாமில் எப்படி மழையாகப் பொழிந்தன என்று விவரிப்பார். ஆண்டுதோறும் முன்வரிசையில் மாமா உட்கார்ந்திருப்பார். குண்டுமழை வரும் இடத்தில், பக்கத்தில் இருப்பவனிடம் நேரம் கேட்கிற குரலில், "எதுமேல வச்சு சுட்டீங்க?" என்பார். சகனெட்சா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த போருக்குப் போய்விடுவார். மாமா இறந்ததும் அவர் ஏன் அவ்வளவு வேகமாக வந்தார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு எனியாஸ் மாமாதான் விளக்கினார்: படையில் கீழே இருந்தவனுக்கு மாகாண வீரர் பட்டம் கிடைத்தால், அவனுக்கு மேலே இருந்தவருக்கு நாளைக்கு அதைவிடக் குறைவாகக் கொடுக்க முடியாது. சகனெட்சா தன்னுடைய சாவுக்கு இப்போதே இடம்பிடித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் மாதக் குளிரும், தலைவர் அனுப்பிய ஆள் போட்ட ஊசியும் மாமாவைக் கெடாமல் பார்த்துக்கொண்டன. வந்த சனத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் வழியில்லை. அடக்கம் முடியாமல் யாரும் கிளம்ப முடியாது, கிளம்பாதவனுக்குப் பசிக்கும். முதலில் சோளக்களியான சட்ஸாவும் பீன்ஸும் போட்டோம். சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்த தலைவர் பீன்ஸைப் பார்த்து முகம் சுளித்தார்.

"பீன்ஸ் சாதாரண ஆளுக்குப் போடறது. மாகாணத்துக்கு விஷயம் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

அதன்பிறகு கோழிகள் போயின. ஆடுகள் போயின. தலைவர் தினமும் வந்து, "காகிதம் வட்டாரத்தைத் தாண்டிருச்சு" என்று சொல்லி ஒரு தொடை எலும்பைக் கடித்துவிட்டுப் போவார். மாமாவின் உழவு எருதும் போயிற்று. கொட்டிலில் மிஞ்சியது பசீகா மட்டும்.

பசீகா அத்தையின் பசு. மகளைக் கட்டிக்கொடுத்தபோது, மருமகன் பெண்ணைப் பெற்றவளுக்கென்று தனியாக ஓட்டிவந்தது. ஈஸ்டர் அன்று வந்ததால் அந்தப் பெயர். அந்தப் பசுவில் அப்பனுக்கே பங்கில்லை. அப்பனின் அண்ணனுக்கு அது நின்ற இடத்து நிழலில்கூடப் பங்கில்லை. அது இப்போது சினையாக இருந்தது.

"தவோனா அம்மா, நாளைக்கு சனத்துக்கு என்ன போடப்போறோம்?" என்று ஆரம்பித்தார் எனியாஸ் மாமா.

"கீரை."

"மாகாண வீரருக்குக் கீரையா?"

"அவருக்குக் கீரை பிடிக்கும்."

"தேசிய வீரராவே ஆனாலும் ஆகலாம்."

"அந்த தேசத்துக்காகக் காட்டுல கிடந்தப்பவும் அவர் கீரைதான் தின்னார்."

எனியாஸ் மாமா கொட்டில் பக்கம் பார்த்தார். பார்க்காத மாதிரியும் பார்த்தார். "நிலை அறிவிச்சா கவர்மெண்ட்டே ஒரு மாடு தருமாம். அதுவரைக்கும் ஒரு கைமாத்தா..."

"அதை நீங்க அறுங்க. என் அம்மா வழி ஆவிங்க உங்களை வந்து பாக்கும். அப்புறம் உங்களுக்கு என்ன நிலைன்னு நானே மேல கேட்டுச் சொல்றேன்."

"நான் சொல்லல. குடும்பம் சொல்லும். நாளைக்கு மத்தியானம் உட்கார்ந்து பேசுவோம்."

அத்தை என்னைக் கூப்பிட்டார். "உங்க மாமா மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னாடி படுக்கணும்னு சொன்னது உனக்கும் தெரியும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். பசுவுக்கு முன்னாடி அவர் மண்ணுக்குப் போயிடணும். ஜிங்கிராய்க்கு ஃபோன் பண்ணு."

ஜிங்கிராய் எங்கள் குடும்பத்து சாவிரா, அதாவது பரம்பரைச் சடங்குத் தோழர். அவருடைய தாத்தா எங்கள் தாத்தாவுக்கு சாவிரா. எங்கள் வீட்டில் யார் செத்தாலும் செத்தவரின் உடையை மாட்டிக்கொண்டு, அவரைப்போல நடந்து, பேசி, கிண்டலடித்து, குழிவேலையை நடத்திவைப்பது அவர் உரிமை. அவர் என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது, கோபப்பட்டவனுக்குத்தான் அவமானம். புகையிலை விற்கப் போயிருந்த மனிதர் மறுநாள் காலை வந்து இறங்கினார். குடிசைக்குள் போய் மாமாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெளியே வரும்போது மாமாவின் நீளக் கோட்டில் இருந்தார்.

யாரோ மத்தளத்தை ஒரு தட்டுத் தட்டினார்கள். ஜிங்கிராய் பாய்ந்து பெஞ்சுக்கு அடியில் போய்விட்டார். அடியிலிருந்து மாமாவின் குரல் வந்தது: "தவோனா அம்மா, தலையணை."

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அத்தை சிரித்தது அப்போதுதான். சிரித்துக்கொண்டே போய் உண்மையாகவே ஒரு தலையணையை எடுத்து அடியில் தள்ளினார். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

ஜிங்கிராய் வெளியே வந்து, அடுப்பிலிருந்து தட்டை எடுத்துச் சாக்கில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கூட்டமாகப் போய், "குழலைப் பாத்தீங்களா? இந்தப் பக்கம் ஒரு குழல் வந்துச்சா?" என்று விசாரித்தார்.

தலைவரின் வண்டி சாப்பாட்டுக்கு வந்தது. ஆனால் வாசலில் நிற்கவேண்டியதாயிற்று. வீட்டு மருமகள்கள் குறுக்கே ஒரு மரக்கட்டையைப் போட்டிருந்தார்கள். தவோனாவின் மனைவி நெட்சாய், மாமனாரின் தொப்பியை வைத்துக்கொண்டு, துடைப்பக்கட்டையைத் துப்பாக்கிபோலப் பிடித்து வண்டியைச் சுற்றிவந்தாள்.

"வண்டியில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா."

"குழல் இருக்கா?"

"இல்ல."

"குழல் இல்லாதவங்களை உள்ள விடக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. உங்க விஷயத்தைப் பரிசீலிக்கறோம். வட்டாரத்துக்கு அனுப்பியிருக்கோம்."

சாவு வீட்டில் மருமகள்களுக்கும் அந்தக் கிண்டல் உரிமை உண்டு; அவர்களிடமும் கோபப்பட முடியாது. தலைவர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர்களுக்கே அலுத்த பிறகுதான் கட்டை நகர்ந்தது.

"நிலை வந்துச்சா?" என்றார் எனியாஸ் மாமா.

"வந்துக்கிட்டே இருக்கு. ஆனா நான் சும்மா இருக்கல." தலைவர் ஃபோனை எடுத்தார். "வீரர்கள் மைதானத்துல நல்ல இடமாப் பிடிச்சு நேத்தே குழியை வெட்டியாச்சு. சுத்தி சிமெண்ட்டும் பூசியாச்சு. பாருங்க."

ஃபோன் கை மாறியது. படத்தில் தலைவர் கோட்டு சூட்டில், தூக்கிய மண்வெட்டியோடு, காமிராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் ஃபோனைச் சூடான கிழங்குபோல அடுத்தவர் கையில் போட்டார்கள். மத்தளம் தானாக நின்றுவிட்டது. கடைசியில் ஃபோன் ஜிங்கிராயிடம் வந்தது. அவர் மாமா பார்ப்பதுபோலவே, கையை நீட்டித் தூர வைத்துப் பார்த்தார்.

"முதல் வெட்டு யாரு வெட்டினது?" மாமாவின் குரல்.

"நான்தான். பத்திரிகைக்குக்கூட அனுப்பியிருக்கேன்."

"என் அண்ணன் வெட்டலையா?"

"அவர் இங்க இருந்தாரே."

"அப்ப அது என் குழி இல்ல, சகனெட்சா."

முதல் வெட்டை செத்தவரின் ரத்த உறவு வெட்டி, யாருக்கான இடம் என்று மண்ணிடம் சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் மற்றவர்கள் மண்வெட்டியைத் தொடலாம். இது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும். தலைவருக்கும் தெரியும். படம் எடுக்கிற அவசரத்தில் மறந்துவிட்டது.

"நீயா போய் மண்ணைத் திறந்திருக்க. உன் முகத்தைத்தான் அது பாத்திருக்கு," என்றார் ஜிங்கிராய். "நேத்துலேர்ந்து வாயைத் திறந்துக்கிட்டுக் கிடக்கு. பாவம், சிமெண்ட்டு வேற பூசியிருக்க. வசதியா இருக்கும்."

தலைவர் இருமினார். வேறொரு நாளாக இருந்தால் அது வெறும் இருமல்.

"இருமல் எப்பலேர்ந்துங்க?" என்றாள் நெட்சாய், மிகுந்த கவலையோடு.

"தூசிம்மா. தூசி." தலைவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "மூடிட்டாப் போச்சு."

"பசியோட இருக்கறதை மூடினா மண்ணுக்கு அடியிலயே நடந்து வரும்."

"அப்ப நாளைக்கே தவெங்க்வாவைக் கொண்டுபோயிடலாம். நிலை பின்னாடி வரட்டும்."

"உன் இடத்துல நான் ஏன் படுக்கணும்?" ஜிங்கிராய் குரலை உயர்த்தவில்லை. மாமாவும் உயர்த்தமாட்டார். "உனக்காக ஒரு தடவை மலையில கிடந்தாச்சு."

கிண்டலா இல்லையா என்று தெரியாததால் யாரும் சிரிக்கவில்லை. தலைவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபடியே, "ஒரு ஆட்டைப் போட்டுட்டா?" என்று கேட்டார். அதில் தலைவர்தனம் எதுவும் இல்லை.

"ஆடு போருக்குப் போச்சா? போர்வீரனுக்குன்னு வெட்டின குழிப்பா அது. போருக்குப் போனதைத்தான் கேக்கும்."

அப்போது அத்தை எழுந்து வந்தார். கைகளில் சோளமாவு. ஜிங்கிராயின் பின்னால் போய்ச் சாக்கை அவிழ்த்து, தட்டைக் கீழே இறக்கிவைத்தார். அது மண்ணில் விழுந்த சத்தத்தில் கொட்டிலிலிருந்து பசீகா எட்டிப் பார்த்தது.

"இதைக் கொண்டுபோங்க," என்றார் அத்தை. "இதுவும் போருக்குப் போச்சு. அவர் முதுகுத்தோல் பாதி இதுலதான் இருக்கு. உங்க குழி இதைப் பாத்தா ஏத்துக்கும்."

"தட்டையா?" என்றார் தலைவர்.

"ஆளை இங்க விட்டுடுங்க. இன்னிக்கே, தொழுவத்துக்குப் பின்னாடி. பெரியவர் முதல் வெட்டு வெட்டட்டும். பசு பக்கம் யாரும் திரும்பக் கூடாது." பிறகு யோசித்துச் சேர்த்துக்கொண்டார்: "நீங்களும் இனிமே சாப்பாட்டு நேரத்துக்கு வர வேணாம். இருமலுக்கு எண்ணெய் ஆகாது."

தலைவர் சரி சொல்ல நினைத்தார், இருமல்தான் வந்தது. அதையே சரி என்று எடுத்துக்கொண்டோம்.

"அப்ப நிலை?" என்றார் எனியாஸ் மாமா.

"தட்டுக்கு வாங்கிக்கலாம்," என்றார் ஜிங்கிராய்.

அன்று மாலை வெயில் சாய்வதற்குள் மாமாவைத் தொழுவத்துக்குப் பின்னால் அடக்கம் செய்தோம். எனியாஸ் மாமா முதல் வெட்டு வெட்டி, தம்பியின் இயற்பெயரை மண்ணிடம் சொன்னார். போர்ப்பெயரைச் சொல்லவில்லை. இரவுக்குக் கீரை. சனம் மறுநாள் காலையில் கிளம்பியது.

நாங்களும் கிளம்பினோம், வீரர்கள் மைதானத்துக்கு. பளபளப்பான பெட்டியில் தட்டை வைத்து, மேலே கொடி போர்த்தியிருந்தார்கள். மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரிகளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிய சிப்பாய்களில் ஒருவன், "என்னடா இவ்ளோ லேசா இருக்கு?" என்று முணுமுணுத்தான். "பரிசீலனை நாளா பட்டினி கிடந்திருப்பார்" என்றான் இன்னொருவன். திருப்பத்தில் உள்ளே தட்டு நழுவி ஒரு கோடியில் மோதியது. பேண்டு வாத்தியக்காரர்கள் வேகமாக அடுத்த பாட்டை ஆரம்பித்தார்கள். துப்பாக்கிகள் வானத்தைச் சுட்டன.

தலைவர் பேசினார். குண்டுமழை வந்தது. வழக்கமான இடத்தில் அவர் நிறுத்தினார். முன்வரிசையைப் பார்த்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கொஞ்சம் காத்திருந்தார். தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தார். பிறகு காகிதத்தில் தன் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, மெதுவாகப் படித்து முடித்தார்.

சில வாரம் கழித்து ரேடியோவில் அறிவித்தார்கள்: ஷும்பா ஹைராரி, மாகாண வீரர். எனியாஸ் மாமா அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டுக் கேட்கவைத்தார். "மாமனாரை ஒரு படி முந்திருச்சே அந்தத் தட்டு" என்றாள் நெட்சாய். கவர்மெண்ட் மாடு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

ஆகஸ்டில் வீரர்கள் நாள் வந்தது. வீரரின் மனைவி மலர் வைக்க வேண்டும் என்று தலைவர் வண்டி அனுப்பினார். அத்தை நல்ல உடுப்பில் வந்து, கொடுத்த மலர்வளையத்தை வைத்தார். பிறகு மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, பளிங்குக் கல்லின்மேல் ஒரு பிடி நிலக்கடலையை வைத்தார். பாதி கருகியிருந்தது. அலுமினியச் சட்டியில் வறுத்தது.

"பாத்தியா எப்படி ஆயிருச்சுன்னு?" என்றார் தாழ்ந்த குரலில். "உன்னைக் கொடுத்தப்புறம் ஒரு நாளும் உருப்படியா வறுபடல. என்ன பண்றது, அவ கன்னு போடணுமே."

பக்கத்தில் விறைப்பாக நின்றிருந்த தலைவருக்கு அது சரியாகக் கேட்கவில்லை. நெட்சாயின் பக்கம் குனிந்து, "என்ன சொல்றாங்க?" என்றார்.

"குழல் எங்கேன்னு கேக்கறாங்க," என்றாள் நெட்சாய்.

தலைவர் நிமிர்ந்து நேராகப் பார்த்துக்கொண்டார்.

"தோழரே, கூட்டம் நீளுமா?" என்றார் அத்தை, மடியை உதறிக்கொண்டே. "வண்டியை எடுக்கச் சொல்லுங்க. காலையிலேர்ந்து பசீகா தனியா ஒதுங்கி நிக்கறா. இன்னிக்குப் போட்டுடுவா."